தீவகத்திலிருந்து எம்.பி.ஏ.: எந்த வழி யாருக்கு?

எம்.பி.ஏ. என்ற வணிக நிர்வாக முதுமாணிப் பட்டத்தைப் படித்து முடிக்கப் பல வழிகள் உண்டு. வேலையை விட்டுவிட்டு முழுநேரமாகப் படிக்கலாம். வேலையில் இருந்தபடியே மாலையிலோ சனி, ஞாயிறிலோ படிக்கலாம். தொலைக்கல்வியாக வீட்டிலிருந்து படிக்கலாம். பல ஆண்டு பொறுப்பான பதவியில் இருந்தவர்களை மட்டும் சேர்த்து நடத்தும் எக்ஸிகியூட்டிவ் எம்.பி.ஏ.யிலும் சேரலாம். பாடப் பட்டியலைப் பார்த்தால் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே தலைப்புகள்தான்: கணக்கீடு, நிதி முகாமைத்துவம், சந்தைப்படுத்தல், மனித வளம், பொருளியல், மூலோபாயம். பக்கத்துக் கதிரையில் இருப்பவர் யார், படிக்கும் காலத்தில் சம்பளம் வருமா, வகுப்புக்குப் போய்வர எவ்வளவு நேரம் எடுக்கும், படித்தபின் இருக்கும் வேலையில் உயர்வதா, வேறு வேலைக்கு மாறுவதா என்பவற்றில்தான் இந்த வழிகள் பிரிகின்றன.

யாழ்ப்பாணத்தின் தீவகத்தில், அதாவது ஊர்காவற்றுறையிலும் அதைச் சுற்றியுள்ள தீவுகளிலும், இந்தத் தேர்வு கொஞ்சம் கடினமானது. வங்கிக் கிளைகளிலும், ஊர்காவற்றுறை, வேலணை, நெடுந்தீவுப் பிரதேச செயலகங்களிலும், கூட்டுறவுச் சங்கங்களிலும், பாடசாலைகளிலும், வைத்தியசாலைகளிலும், கடலுணவு வியாபாரத்திலும் பட்டதாரிகள் வேலை செய்கிறார்கள். பத்து வருட அனுபவத்துக்குப் பிறகு அடுத்த படிக்கு என்ன படிப்பது என்று அவர்கள் தேடும்போது கண்ணில் படும் விளம்பரங்களில் பெரும்பாலானவை கொழும்பை மனதில் வைத்து எழுதப்பட்டவை. பண்ணைத் தாம்போதியைக் கடந்து யாழ்ப்பாணம் போக எடுக்கும் நேரமோ, நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு வரும் படகின் நேரமோ அவற்றில் இராது.

மேலே சொன்ன எம்.பி.ஏ. வடிவங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு தேவைக்காகப் பிறந்தவை. உலகின் முதல் எம்.பி.ஏ. படிப்பை ஹார்வர்ட் பல்கலைக்கழகம் 1908இல் தொடங்கியது. அது இளைஞர்களுக்கான இரண்டு வருட முழுநேரப் படிப்பு. தொழில் அனுபவம் குறைந்த மாணவர்களுக்கு உண்மையான நிறுவனம் ஒன்றின் சிக்கலைக் காட்டுவதற்காக, 1920களில் அங்கே சம்பவ ஆய்வு முறை வளர்ந்தது. ஒரு கம்பனி சந்தித்த நெருக்கடியைச் சில பக்கங்களில் எழுதிக் கொடுத்து, நீ முகாமையாளராக இருந்தால் என்ன செய்வாய் என்று வகுப்பில் கேட்பதே அந்த முறை.

1943இல் சிகாகோ பல்கலைக்கழகம் வேறு விதமான மாணவரைத் தேடியது. போர்க்காலம் அது. தொழிற்சாலைகளையும் நிறுவனங்களையும் ஏற்கனவே நடத்திக்கொண்டிருந்தவர்களை வேலையிலிருந்து எடுக்க முடியாது. ஆனால் அவர்களுக்குத்தான் முறையான பயிற்சி அதிகம் தேவைப்பட்டது. வேலையில் இருக்கும் நிர்வாகிகளுக்கென்று அங்கே தொடங்கிய அந்தப் படிப்பே எக்ஸிகியூட்டிவ் எம்.பி.ஏ.யின் முன்னோடி. இங்கே சிக்கலை எழுதிக் கொடுக்க வேண்டிய தேவை குறைவு. மாணவர்களே தங்கள் அலுவலகத்துச் சிக்கல்களோடு வகுப்புக்கு வந்தார்கள்.

ஐரோப்பா இன்னொரு வழியை எடுத்தது. 1957இல் பிரான்சின் ஃபொன்தேன்புளோ நகரில் தோன்றிய இன்சியாட், இரண்டு வருடத்தைச் சுருக்கி ஒரு வருடத்துக்குள் முடிக்கும் முழுநேரப் படிப்பைப் பரவலாக்கியது. தொலைக்கல்வியில் பிரித்தானியத் திறந்த பல்கலைக்கழகம் முன்னால் போனது. கனடாவின் அல்பேர்ட்டா மாகாணத்தில் உள்ள அதபாஸ்கா பல்கலைக்கழகம் 1994இல் முழுவதும் இணையவழியில் நடக்கும் எக்ஸிகியூட்டிவ் எம்.பி.ஏ.யைத் தொடங்கியது. தெற்காசியாவில் கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் இந்திய முகாமைத்துவ நிறுவனங்கள் 1961இல் உருவாகின. இலங்கையில் ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த முகாமைத்துவப் பட்டப்பின் கற்கை நிறுவனம் 1980களில் அமைந்தது. பிம் என்ற சுருக்கப் பெயரால் அறியப்படும் அந்த நிறுவனம், வேலையில் இருப்பவர்களை மனதில் வைத்தே தன் படிப்புகளை நடத்திவருகிறது.

எக்ஸிகியூட்டிவ் என்பது யாருக்கு?

முழுநேர எம்.பி.ஏ. வேலை மாற விரும்புகிறவருக்கு ஏற்றது. அமெரிக்க முறையில் முதல் வருட முடிவில் ஒரு நிறுவனத்தில் சில மாதம் பயிற்சி வேலை கிடைக்கும். அந்தப் பயிற்சியே பெரும்பாலும் புதிய தொழிலின் வாசலாகிறது. விருப்பப் பாடங்களும் அதிகம். ஆட்களை எடுக்கும் நிறுவனங்கள் வளாகத்துக்கே வரும். ஆசிரியராக இருந்தவர் வங்கித் துறைக்கோ, பொறியியலாளர் ஆலோசனைத் துறைக்கோ போக நினைத்தால் இந்த ஏற்பாடுகள் எல்லாம் உதவும்.

எக்ஸிகியூட்டிவ் எம்.பி.ஏ.யில் இவற்றில் பல இல்லை. அங்கே சேருகிறவருக்கு ஏற்கனவே வேலை உண்டு, பொறுப்பு உண்டு, கீழே பணியாளர்கள் உண்டு. பத்து வருடமோ அதற்கு மேலோ அனுபவம் உள்ளவர்கள், முப்பதுகளின் பிற்பகுதியிலோ நாற்பதுகளிலோ இருப்பவர்கள்தான் அந்த வகுப்பில் அதிகம். எல்லோரும் ஒரே குழுவாகத் தொடங்கி ஒரே குழுவாக முடிப்பார்கள். விருப்பப் பாடங்கள் குறைவு. வகுப்பு மாதத்தில் ஓரிரு வார இறுதிகளிலோ, சில மாதங்களுக்கு ஒருமுறை ஒரு வாரம் முழுவதுமோ நடக்கும். செலவின் ஒரு பகுதியை வேலை கொடுப்பவர் ஏற்பதும் உண்டு. பணம் கொடுக்காவிட்டாலும் நேரம் கொடுக்கிறோம் என்று அவர் எழுதித் தர வேண்டும் எனப் பல கல்லூரிகள் கேட்கின்றன. அனுமதிப் பரீட்சையிலும் வேறுபாடு உண்டு. முழுநேரப் படிப்புக்கு ஜீமேட் கேட்கும் கல்லூரிகளில் பல, அனுபவமுள்ளவர்களிடம் 2016இல் அறிமுகமான எக்ஸிகியூட்டிவ் அசெஸ்மென்ட் என்ற ஒன்றரை மணி நேரச் சிறிய பரீட்சையையே எதிர்பார்க்கின்றன.

ஆகவே எக்ஸிகியூட்டிவ் என்ற சொல் படிப்பின் தரத்தைக் குறிப்பதல்ல. அது மாணவரின் நிலையைக் குறிக்கிறது. மூன்று வருட அனுபவம் உள்ள ஒருவர் அந்தப் பெயரின் மதிப்புக்காக மட்டும் அதில் சேர்ந்தால் இரண்டு பக்கமும் நட்டம். வகுப்பில் பேச அவரிடம் அனுபவம் குறைவு. அவருக்குத் தேவையான வேலை மாற்ற உதவியோ அங்கே இல்லை. பிரித்தானியாவின் எம்.பி.ஏ.க்கள் சங்கம், சாதாரண எம்.பி.ஏ.க்கே குறைந்தது மூன்று வருட வேலை அனுபவம் வேண்டும் என்று தன் அங்கீகார விதியில் வைத்திருக்கிறது. பட்டம் முடித்த கையோடு எம்.பி.ஏ.க்குப் போவது இலங்கையிலும் இந்தியாவிலும் பரவலாக இருந்தாலும், அந்தப் படிப்பின் பாதிப் பயன் அனுபவத்தில்தான் இருக்கிறது.

தமிழ்நாட்டு விளம்பரங்களைப் பார்ப்பவர்கள் இன்னொரு குழப்பத்தைச் சந்திக்கிறார்கள். இந்தியாவில் எக்ஸிகியூட்டிவ் எம்.பி.ஏ. என்று பேச்சில் சொல்லப்படுவது பல இடங்களில் ஒரு வருட முழுநேரப் படிப்பு. அகமதாபாத் நிறுவனம் 2006இல் தொடங்கிய ஒரு வருடப் படிப்பும், பெங்களூர், கல்கத்தா நிறுவனங்களின் அதே வகைப் படிப்புகளும் அனுபவமுள்ளவர்களுக்கானவை. ஆனால் அவற்றுக்காக வேலையை விட வேண்டும். வார இறுதியில் படிக்கும் படிப்புகள் அங்கே தனியாக உண்டு. 2011இல் தொடங்கிய திருச்சி முகாமைத்துவ நிறுவனம் வேலையில் இருப்பவர்களுக்கான படிப்பைச் சென்னையில் நடத்துகிறது. இந்த நிறுவனங்கள் நெடுங்காலம் பட்டயச் சான்றிதழே கொடுத்தன. 2017ஆம் ஆண்டின் இந்திய முகாமைத்துவ நிறுவனங்கள் சட்டத்துக்குப் பிறகுதான் எம்.பி.ஏ. என்ற பட்டத்தைக் கொடுக்கும் அதிகாரம் அவற்றுக்கு வந்தது. பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் இருந்தாலும் ஒவ்வொரு வார இறுதியும் போய்வருவது நடக்கிற காரியம் இல்லை. தீவகத்திலிருந்து தமிழ்நாட்டில் படிக்க நினைப்பவருக்கு முழுநேரப் படிப்பு அல்லது தொலைக்கல்வி என்ற இரண்டே வழிதான்.

இலங்கையில் ஒரு பட்டத்தின் எடை

இலங்கையில் ஒரு முதுமாணிப் பட்டத்தை எடைபோட நல்ல அளவுகோல் ஒன்று உண்டு. 2012இல் அறிமுகமாகி 2015இல் திருத்தப்பட்ட இலங்கைத் தகைமைகள் சட்டகம் எல்லாப் படிப்புகளையும் 12 நிலைகளில் வைக்கிறது. சாதாரண இளமாணிப் பட்டம் 5ஆம் நிலை, சிறப்புப் பட்டம் 6ஆம் நிலை. பட்டப்பின் சான்றிதழ் 7ஆம் நிலை, பட்டப்பின் டிப்ளோமா 8ஆம் நிலை. முதுமாணிப் பட்டம் இரண்டு நிலைகளில் வருகிறது. பாடங்களை மட்டும் முடித்துப் பெறுவது 9ஆம் நிலை. அதற்கு 30 திறமைப் புள்ளிகள். பாடங்களோடு ஆய்வும் செய்து பெறுவது 10ஆம் நிலை. அதற்கு 60 புள்ளிகள், அவற்றில் குறைந்தது 15 ஆய்வுக்கு உரியவை. எம்.பில். 11ஆம் நிலை, கலாநிதிப் பட்டம் 12ஆம் நிலை.

இதைக் கவனிக்காமல் சேர்ந்து பின்னால் வருந்துகிறவர்கள் உண்டு. எம்.பி.ஏ. என்ற ஒரே பெயரில் 9ஆம் நிலைப் பட்டமும் 10ஆம் நிலைப் பட்டமும் கிடைக்கின்றன. பின்னர் கலாநிதிப் படிப்புக்கோ பல்கலைக்கழக விரிவுரையாளர் பதவிக்கோ போக எண்ணம் இருந்தால் ஆய்வுப் பகுதி உள்ள 10ஆம் நிலையையே தேட வேண்டும். வங்கியில் அடுத்த தரத்துக்கு உயர்வதே நோக்கம் என்றால் 9ஆம் நிலை போதுமானதாக இருக்கலாம். மினி எம்.பி.ஏ., எக்ஸிகியூட்டிவ் டிப்ளோமா என்ற பெயர்களில் சில மாதங்களில் முடியும் படிப்புகள் முதுமாணிப் பட்டங்கள் அல்ல. அவற்றில் கற்றுக்கொள்ள விஷயம் இருக்கலாம், எம்.பி.ஏ. கேட்கும் இடத்தில் அவை செல்லாது.

புள்ளிக் கணக்கிலிருந்து உழைப்பின் அளவையும் அறியலாம். சட்டகத்தின்படி ஒரு புள்ளி என்பது 50 மணி நேரக் கற்றல். வகுப்பு, வாசிப்பு, ஒப்படை, பரீட்சைக்கான தயாரிப்பு எல்லாம் அதில் அடங்கும். 60 புள்ளி என்றால் 3,000 மணி நேரம். இரண்டு வருடத்தில், அதாவது 104 வாரங்களில் முடிப்பதானால் வாரத்துக்கு ஏறக்குறைய 29 மணி நேரம். சனி, ஞாயிறு வகுப்பு இரண்டும் சேர்ந்து 12 மணி நேரம் போனாலும், மிச்சம் 17 மணி நேரத்தைக் கிழமை நாட்களின் இரவுகளில்தான் தேட வேண்டும். வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, பிள்ளைகளின் படிப்பையும் பார்த்து, அதன்பின் தினமும் மூன்று மணி நேரத்துக்கு மேல் என்பது விளையாட்டான காரியம் இல்லை. பகுதிநேரப் படிப்புகளில் ஆய்வேட்டை முடிக்காமல் நின்றுவிடுகிறவர்கள் திறமைக் குறைவால் நிற்பதில்லை; இந்த மணி நேரங்களை முன்கூட்டி ஒதுக்கி வைக்காததால்தான் நின்றுவிடுகிறார்கள்.

தீவகத்துக்கு எட்டும் படிப்புகள்

ஊர்காவற்றுறையில் இருப்பவருக்கு மிக அருகில் இருப்பது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம். 1974இல் ஒரு வளாகமாகத் தொடங்கிய அந்தப் பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவக் கற்கைகள் வணிக பீடம் திருநெல்வேலி வளாகத்தில் இயங்குகிறது. அங்கே எம்.பி.ஏ. வேலையில் இருப்பவர்களுக்கு ஏற்றபடி வார இறுதி வகுப்புகளாக நடக்கிறது. ஊர்காவற்றுறை, வேலணை, மண்டைதீவு ஆகிய இடங்களிலிருந்து பண்ணை வழியாகக் காலையில் பஸ்ஸிலோ மோட்டார் சைக்கிளிலோ போய் மாலையில் திரும்பலாம். புங்குடுதீவிலிருந்தும் தரை வழியாகவே வரலாம், நேரம்தான் கூடும்.

நயினாதீவுக்காரருக்கும் நெடுந்தீவுக்காரருக்கும் கணக்கு வேறு. நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குக் கடலில் மட்டும் ஏறக்குறைய ஒரு மணி நேரம். அதன்பின் புங்குடுதீவு, வேலணை வழியாக யாழ்ப்பாணத்துக்குப் பஸ். காலையில் தொடங்கும் சனிக்கிழமை வகுப்புக்கு வர வேண்டுமானால் வெள்ளிக்கிழமையே யாழ்ப்பாணம் வந்து தங்க வேண்டும். சோளகக் காற்று வீசும் மாதங்களில் கடல் கொந்தளித்தால் படகுச் சேவை தடைப்படும். வகுப்பு வருகைக்குக் குறைந்த சதவீதம் ஒன்றை விதிக்கும் படிப்பில் இது சிறிய விஷயம் அல்ல. இங்கிருந்து சேருகிறவர் மாதம் எட்டு இரவு தங்குமிடச் செலவையும் கட்டணத்தோடு சேர்த்தே எண்ண வேண்டும். யாழ்ப்பாணத்தில் உறவினர் வீடு இருப்பது இந்த இடத்தில் ஒரு புலமைப்பரிசிலுக்குச் சமம்.

இந்த நிலையில் இருப்பவருக்குத் தொலைக்கல்வி இயல்பான வழி. 1980இல் தொடங்கிய இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்துக்கு யாழ்ப்பாணத்தில் பிராந்திய நிலையம் உண்டு. பொதுநலவாய நாடுகளின் கற்றல் அமைப்பு 2000களின் தொடக்கத்தில் இலங்கை, இந்தியா, பாகிஸ்தான், பங்களாதேஷ் ஆகிய நான்கு நாடுகளின் திறந்த பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து பொதுநலவாய எக்ஸிகியூட்டிவ் எம்.பி.ஏ. என்ற படிப்பை உருவாக்கியது. அதனோடு பொது நிர்வாக முதுமாணிப் படிப்பு ஒன்றும் சேர்ந்தே வந்தது. எக்ஸிகியூட்டிவ் எம்.பி.ஏ. என்பது பெருநகரங்களில் பெரும் பணம் கட்டிப் படிப்பது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அமெரிக்காவின் முன்னணிக் கல்லூரிகளில் அதன் கட்டணம் இரண்டு இலட்சம் டொலரைத் தாண்டும் என்பது உண்மை. ஆனால் பாடப் புத்தகத்தை வீட்டுக்கு அனுப்பி, குறைந்த செலவில், தூர இடங்களில் வேலை செய்பவருக்கும் அதே பாடங்களைக் கொண்டுபோகலாம் என்று இந்த நான்கு பல்கலைக்கழகங்கள் காட்டின. தெற்காசியக் கல்விக்கு இது பெரிய கொடை. எந்த ஆண்டு எந்தப் படிப்புக்கு அனுமதி திறக்கிறது என்பதைப் பல்கலைக்கழக அறிவித்தலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இணையவழி வகுப்பு தீவகத்துக்கு எவ்வளவு பொருந்தும் என்பது மின்சாரத்தையும் சமிக்ஞையையும் பொறுத்தது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு ஆகியவை தேசிய மின்வலையோடு இணையாமல் தனித்தனி மின்பிறப்பாக்கிகளை நம்பி இருந்தவை. காற்றாலையும் சூரியப் படலமும் சேர்ந்த கலப்பு மின்திட்டங்கள் இந்தத் தீவுகளை இலக்காகக் கொண்டு வருகின்றன. மின்சாரம் நம்பகமானால் இரவு எட்டு மணி இணைய வகுப்பு நெடுந்தீவில் இருப்பவருக்கும் கொழும்பில் இருப்பவருக்கும் ஒன்றுதான். 2020இல் கொரோனாக் காலத்தில் இலங்கைப் பல்கலைக்கழகங்கள் எல்லாம் இணையத்துக்கு மாறியபோது, பகுதிநேரப் படிப்புகளை இப்படியும் நடத்தலாம் என்பது நிரூபணமானது. விரிவுரைகளை இணையத்திலும் பரீட்சைகளை நேரிலும் வைக்கும் கலப்பு முறையே தீவகத்துக்கு மிகப் பொருத்தமானது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இதை ஒரு சலுகையாக நினைக்காமல் நிரந்தர ஏற்பாடாகவே வைத்திருக்க வேண்டும்.

கொழும்பில் பிம் நிறுவனத்தோடு கொழும்பு, ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகங்களும் எம்.பி.ஏ. நடத்துகின்றன. மொறட்டுவைப் பல்கலைக்கழகம் செயற்றிட்ட முகாமைத்துவம், தகவல் தொழில்நுட்பம் போன்ற சிறப்புத் துறைகளில் நடத்துகிறது. பொறியியலாளர்களுக்கு அது உகந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு ஏறக்குறைய 400 கிலோமீற்றர். வெள்ளி இரவு பஸ் ஏறிச் சனி, ஞாயிறு படித்துத் திங்கள் காலை வேலைக்கு வருவதை இரண்டு வருடம் தாங்குவது உடலுக்குக் கடினம். கொழும்புக்கு இடமாற்றம் கிடைத்திருக்கும் காலமே இந்தப் படிப்புகளுக்குச் சரியான காலம். வங்கி ஊழியர்கள் பலருக்கு அந்த வாய்ப்பு இயல்பாகவே வருகிறது.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் எம்.பி.ஏ.யை இலங்கையில் தனியார் நிறுவனங்கள் நடத்துவதும் உண்டு. அப்படிப்பட்ட பட்டத்தைப் பார்க்கும்போது முதலில் கேட்க வேண்டியது, அதைக் கொடுக்கும் பல்கலைக்கழகம் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அங்கீகாரத்துக்கு உட்பட்டதா என்பது. சர்வதேசப் பல்கலைக்கழகக் கையேடுகளில் இடம்பெற்ற பல்கலைக்கழகங்களையே ஆணைக்குழு ஏற்பது வழக்கம். வகுப்பு நடத்தும் நிறுவனத்தின் கட்டடமும் குளிரூட்டிய அறையும் இதில் எதையும் சொல்லாது. பட்டப் பத்திரத்தில் யாருடைய பெயர் வரும் என்பதே கேள்வி.

யாருக்கு எது?

பட்டம் பெற்று ஓரிரு வருடமே ஆனவர் காத்திருப்பது நல்லது. அந்தக் காலத்தில் கணக்கியல், வங்கியியல் போன்ற தொழிற்றகைமைப் பரீட்சைகளை எழுதினால், பின்னர் எம்.பி.ஏ.க்குப் போகும்போது பாடமும் சுலபமாகும், இடமும் சுலபமாகக் கிடைக்கும்.

ஐந்து முதல் எட்டு வருட அனுபவத்தோடு வங்கியிலோ காப்புறுதி நிறுவனத்திலோ இடைநிலைப் பதவியில் இருப்பவருக்கு யாழ்ப்பாணத்து வார இறுதி எம்.பி.ஏ. மிகப் பொருத்தம். சம்பளம் நிற்காது. மாதம் 90,000 ரூபா வாங்கும் ஒருவர் இரண்டு வருடம் வேலையை விட்டுப் படித்தால் கட்டணத்தைச் சேர்க்காமலே 21 இலட்சத்து 60 ஆயிரம் ரூபாவை இழக்கிறார். சம்பள உயர்வும், ஊழியர் சேமலாப நிதிக்கு வேலை கொடுப்பவர் கட்டும் பங்கும் அதன் மேல். வேறு துறைக்கு மாறும் உறுதியான எண்ணமும், மாறிய பின் கிடைக்கும் வருமானம் பற்றிய தெளிவும் இல்லாதவர் இந்த இழப்பை ஏற்க வேண்டியதில்லை.

அரச உத்தியோகத்தர் எம்.பி.ஏ.க்கு முன் வேறொன்றைப் பார்க்க வேண்டும். பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தராகவோ நிர்வாக சேவையிலோ இருப்பவரின் அன்றாட வேலை இலாபம் பற்றியது அல்ல. வரவுசெலவு ஒதுக்கீடு, கொள்வனவு விதி, பொதுமக்கள் சேவை பற்றியது. பொது நிர்வாக முதுமாணி அவருக்கு நேரடியாகப் பயன்படும். கொழும்பில் உள்ள இலங்கை அபிவிருத்தி நிர்வாக நிறுவனம் அரச முகாமைத்துவத்தில் முதுமாணிப் படிப்பு நடத்துகிறது. பிம் நிறுவனத்திலும் பொது நிர்வாக முதுமாணி உண்டு. பதவி உயர்வுக்கு எந்தத் தகைமை கணக்கில் எடுக்கப்படும் என்பதை அவரவர் சேவைப் பிரமாணக் குறிப்பிலும், கற்கை விடுமுறையைத் தாபனக் கோவையிலும் பார்த்துவிட்டே விண்ணப்பிக்க வேண்டும். அலுவலகத்தில் மற்றவர் செய்தார் என்பதற்காகச் செய்வது போதாது.

சொந்தத் தொழில் நடத்துகிறவர்களைப் பற்றி விளம்பரங்கள் அதிகம் பேசுவதில்லை. தீவகத்துக்கு இது முக்கியமான கூட்டம். புங்குடுதீவு, வேலணை, காரைநகர், ஊர்காவற்றுறைக் குடும்பங்கள் கொழும்பிலும் தென்பகுதி நகரங்களிலும் கடை நடத்திய வரலாறு நீண்டது. பத்து, பன்னிரண்டு வயதில் உறவினர் கடைக்குப் போன பையன் கொள்முதல், கடன் கொடுத்தல், கையிருப்பு, வாடிக்கையாளர் உறவு எல்லாவற்றையும் வேலையிலேயே கற்றான். அந்தப் பள்ளியின் திறமை உண்மையானது. ஆனால் இன்று நண்டும் கடலட்டையும் ஏற்றுமதி செய்கிறவருக்கு வெளிநாட்டு நாணய மாற்றம், தரச்சான்று, ஏற்றுமதி ஒப்பந்தம், வங்கிக் கடனுக்கான செயற்றிட்ட அறிக்கை எல்லாம் வேண்டும். கடையில் கற்றது இவற்றுக்கு எட்டாது. இத்தகையவர் பதினைந்து, இருபது வருட அனுபவத்தோடு இருந்தால் எக்ஸிகியூட்டிவ் எம்.பி.ஏ.க்கு எல்லோரையும்விடப் பொருத்தமானவர். திங்கட்கிழமை தன் தொழிலில் செய்து பார்க்கக்கூடியதைத்தான் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் கேட்கிறார். பட்டம் இல்லாதது தடையாக இருந்தால் பட்டப்பின் படிப்புக்கு முன்னான டிப்ளோமா வழியையோ, பட்டயக் கணக்கியல் போன்ற தொழிற்றகைமையை ஏற்கும் பல்கலைக்கழகத்தையோ தேடலாம். அதுவும் இல்லாவிட்டால் ஏற்றுமதி, நிதி என்று தனித்தனிக் குறுகிய படிப்புகளை எடுப்பதே சிக்கனம். அவருக்குத் தேவை பட்டம் அல்ல, அந்த அறிவு.

கூட்டுறவுச் சங்கப் பொது முகாமையாளர், பாடசாலை அதிபர், வைத்தியசாலை நிர்வாகி போன்றவர்களும் அனுபவத்தால் எக்ஸிகியூட்டிவ் வகையைச் சேர்ந்தவர்களே. திறந்த பல்கலைக்கழகத்தின் வழி அவர்களுக்குப் பொருந்தும். ரொறன்ரோ, லண்டன், பாரிஸ் போன்ற நகரங்களில் இருக்கும் தீவகத்தவருக்கு வாய்ப்பு இன்னும் விரிவானது. ரொறன்ரோவில் யோர்க் பல்கலைக்கழகத்தின் சூலிக் கல்லூரியும் அமெரிக்காவின் கெலொக் கல்லூரியும் இணைந்து 2002 முதல் எக்ஸிகியூட்டிவ் எம்.பி.ஏ. நடத்துகின்றன. அங்கே கேள்வி தூரம் பற்றியதல்ல, பணம் பற்றியது. வேலை கொடுப்பவர் கட்டணத்தில் பங்கு தராவிட்டால் பகுதிநேர மாலை எம்.பி.ஏ.யே பெரும்பாலானோருக்கு நியாயமான தேர்வு.

எல்லா வடிவத்துக்கும் பொதுவான தடை மொழி. இலங்கையில் எம்.பி.ஏ. வகுப்பும் ஒப்படையும் ஆய்வேடும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். உயர்தரம் வரை தமிழில் படித்து, தமிழிலேயே அலுவல் பார்ப்பவருக்கு முதல் அரையாண்டு கடினமாக இருக்கும். இது அறிவுக் குறைவு அல்ல, பயிற்சிக் குறைவு. சேர்வதற்கு ஒரு வருடம் முன்பே தினமும் ஒரு வணிகச் செய்தியை ஆங்கிலத்தில் வாசித்து, அதைச் சுருக்கி அரைப் பக்கம் எழுதிப் பழகியவருக்கு அந்த முதல் அரையாண்டு இலேசாகும். கணக்கு மறந்துபோனவர்கள் சதவீதம், வட்டி, அடிப்படைப் புள்ளிவிவரம் ஆகியவற்றையும் அதே வருடத்தில் தட்டி எழுப்பிக்கொள்ளலாம்.

விண்ணப்பம் போடுவதற்கு முன் ஒரு சனிக்கிழமை, வகுப்பு இருப்பதாகவே எண்ணி வீட்டிலிருந்து புறப்பட்டுப் பல்கலைக்கழக வாசல் வரை போய்த் திரும்பிப் பாருங்கள். அங்கே இறுதி வருடத்தில் படிக்கும் ஒருவரைக் கண்டு, ஆய்வேடு எங்கே நிற்கிறது என்று கேளுங்கள். பட்டம் தகைமைச் சட்டகத்தின் எத்தனையாம் நிலை, எத்தனை புள்ளி, இடையில் நிறுத்த நேர்ந்தால் பட்டப்பின் டிப்ளோமாவோடு வெளியேற முடியுமா என்ற மூன்றையும் அலுவலகத்தில் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். அதன்பின் பணம் கட்டுங்கள்.